ஓராண்டின் விலை

மதிப்பெண் சரிந்துவிட்டது. கிடைக்கிற கல்லூரிக்கு இந்த ஆண்டே விண்ணப்பிப்பதா, ஓராண்டு பொறுத்து மீண்டும் மோதிப் பார்ப்பதா? லட்சக்கணக்கான வீடுகளில் ஆண்டுதோறும் எழும் கேள்வி இது. பதிலைத் தீர்மானிக்கும் விதிகளோ அடிக்கடி மாறுகின்றன.

எல்லாம் 13 நாட்களில் நடந்து முடிந்தது. 2024 நவம்பர் 5ஆம் தேதி, ஐ.ஐ.டி.க்களில் சேர்வதற்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வு விஷயத்தில் கூட்டுச் சேர்க்கை வாரியம் திடீரென்று தாராளம் காட்டியது. அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறை மட்டுமே எழுதலாம் என்றிருந்த தேர்வை, இனி மூன்று ஆண்டுகளில் மூன்று முறை எழுதலாம் என்றது அறிவிப்பு. ஏற்கெனவே வாய்ப்புகள் முடிந்துபோய், கிடைத்த கல்லூரியில் மனமில்லாமல் உட்கார்ந்திருந்த சிலர் பெட்டியைக் கட்டினார்கள். கல்லூரியிலிருந்து விலகி, பரணில் போட்ட பயிற்சிப் புத்தகங்களைத் தூசி தட்டி எடுத்தார்கள். நவம்பர் 18 அன்று வாரியம் தன் தாராளத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பழையபடி இரண்டே வாய்ப்பு.

விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2025 ஜனவரி 10 அன்று நீதிபதிகள் பி.ஆர். கவாய், ஏ.ஜி. மசீ ஆகியோர் அளித்த உத்தரவு ஒரு மெல்லிய கோட்டில் நடந்தது. வாரியம் மனம் மாறியது சரியா என்பதற்குள் அவர்கள் போகவில்லை. ஆனால் அறிவிப்பை நம்பி நவம்பர் 5க்கும் 18க்கும் இடையில் படிப்பைக் கைவிட்டவர்கள் மட்டும் தேர்வுக்குப் பதிவு செய்துகொள்ளலாம் என்றார்கள். நவம்பர் 4 அன்று வெளியேறியவருக்கு அந்தச் சலுகை இல்லை.

ஒரு மாணவனின் ஓராண்டு இப்படி ஓர் அறிவிப்பின் இரு தேதிகளுக்கு நடுவில் சிக்கிக்கொள்ள முடியும் என்பதைப் பெரும்பாலான பெற்றோர் யோசிப்பதில்லை. பிளஸ் 2விலோ நுழைவுத் தேர்விலோ பிள்ளை சறுக்கினால் வீட்டில் நடக்கும் ஆலோசனையில் பெரியப்பாவும் மாமாவும் அடுத்த வீட்டுக்காரரும் கலந்துகொள்வார்கள். "ஒரு வருஷம்தானே" என்பார் ஒருவர். "வருஷம் போனால் வருமா" என்பார் இன்னொருவர். தேர்வு வாரியத்தின் தகவல் கையேடு மட்டும் அந்தக் கூட்டத்தில் இருக்காது. இப்படி ஓராண்டு காத்திருப்பதற்கு வட இந்தியாவில் 'டிராப்' என்று பெயர். கேரளத்தில் அந்த மாணவர் 'ரிப்பீட்டர்'. திருச்சூரிலும் பாலாவிலும் அவர்களுக்கென்றே தனி வகுப்புகள், விடுதிகள் என்று ஒரு பொருளாதாரமே வளர்ந்திருக்கிறது.

சரிவு பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பில் தொடங்குவதில்லை. பத்தாம் வகுப்பில் 95 சதவீதம் எடுத்துத் தெருவெல்லாம் இனிப்பு கொடுத்த வீட்டில், பதினொன்றாம் வகுப்பின் முதல் பருவத் தேர்வில் இயற்பியலுக்கு 40 வரும்போது யாரும் வெளியே சொல்வதில்லை. பத்தாம் வகுப்பு அறிவியலுக்கும் பதினொன்றாம் வகுப்பு இயற்பியலுக்கும் இடையில் உள்ள தூரம் அப்படி. கால்குலஸ், திசையன், கரிம வேதியியல் எல்லாம் ஒரே ஆண்டில் வந்து மோதுகின்றன. தமிழகத்தில் இது வேறு வடிவம் எடுத்தது. பல தனியார் பள்ளிகள் பிளஸ் 1 பாடத்தையே ஒதுக்கிவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் 2 பாடத்தை உருப்போட வைத்தன. 2018 மார்ச்சில் பிளஸ் 1க்குப் பொதுத் தேர்வு கொண்டுவரப்பட்டதற்கு முக்கியக் காரணம் அதுதான். ஜே.இ.இ., நீட் இரண்டிலும் கேள்விகளில் கணிசமான பங்கு பதினொன்றாம் வகுப்புப் பாடத்திலிருந்து வருகிறது. அங்கே விட்ட ஓட்டை இரண்டு ஆண்டு கழித்துத் தெரிகிறது.

பதினொன்றில் விழுந்தவர்களுக்கு ஓர் ஆறுதல் எப்போதும் இருந்தது: அந்த மதிப்பெண்ணை இந்தியாவில் எந்தக் கல்லூரியும் பெரிதாகக் கேட்பதில்லை. 2021இல் அந்த ஆறுதலும் போனது. கொரோனாவால் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு ரத்தானதும் சி.பி.எஸ்.இ. ஒரு சூத்திரம் வகுத்தது. பத்தாம் வகுப்புக்கு 30 சதவீதம், பதினொன்றுக்கு 30, பன்னிரண்டின் பள்ளித் தேர்வுகளுக்கு 40. "கடைசி வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்றிருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். மொத்தத்தில் தேர்ச்சி என்னவோ 99.37 சதவீதம். 95க்கு மேல் எடுத்தவர்கள் மட்டும் 70,000 பேர். அந்த ஆண்டு தில்லிப் பல்கலைக்கழகத்தின் சில புகழ்பெற்ற கல்லூரிகளில் கட் ஆஃப் 100 சதவீதம் என்று அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டே கட் ஆஃப் முறை போய், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வு வந்தது.

இதே 2021இல் தேறி, ஓராண்டு காத்திருந்த கர்நாடக மாணவர்களின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. அங்கே பொறியியல் தரவரிசையில் பி.யு.சி. மதிப்பெண்ணுக்குப் பாதி, சி.இ.டி. நுழைவுத் தேர்வுக்குப் பாதி. 2022இல் மீண்டும் சி.இ.டி. எழுதிய சுமார் 24,000 பழைய மாணவர்களின் பி.யு.சி. மதிப்பெண்ணைக் கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றது மாநிலத் தேர்வு ஆணையம். தேர்வே எழுதாமல் வாரி வழங்கப்பட்ட மதிப்பெண் அது என்பது அதன் வாதம். முந்தைய ஆண்டைவிட சி.இ.டி.யில் நன்றாக எழுதியவர்களும் பட்டியலில் பின்னால் தள்ளப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் மதிப்பெண்ணைச் சேர்க்கச் சொன்னது, அரசு மேல்முறையீடு செய்தது. கடைசியில் 2022 செப்டம்பரில் ஒரு சமரசம்: பழைய மாணவர்களின் இயற்பியல், வேதியியல், கணித மதிப்பெண்களில் பாடத்துக்குச் சராசரியாக 6 கழித்துவிட்டு மீதியைச் சேர்ப்பது. ஓராண்டு உழைத்தவர்களுக்கு அந்தக் கழித்தலும் நிம்மதியாகத்தான் இருந்தது.

மருத்துவத்தைப் பொறுத்தவரை காத்திருப்பது கிட்டத்தட்ட விதியாகவே ஆகிவிட்டது. நீட் தேர்வை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். மேல் வயது வரம்பும் 2022இல் நீக்கப்பட்டது. தமிழக அரசு அமைத்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் வெளியிட்ட கணக்கு இதன் விளைவைச் சொல்கிறது. தமிழகத்தில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில், முந்தைய ஆண்டுகளில் பிளஸ் 2 முடித்து மீண்டும் முயன்றவர்கள் நீட்டுக்கு முன் 2016-17இல் 12.47 சதவீதம். 2020-21இல் 71.42 சதவீதம். அதாவது பள்ளி முடித்த கையோடு எழுதும் மாணவி, ஓராண்டு அல்லது ஈராண்டு முழு நேரமும் இதே பாடத்தைப் படித்தவர்களோடு போட்டி போடுகிறாள். முதல் முறை கிடைக்கவில்லை என்றால் அவள் மக்கு என்று அர்த்தமில்லை. ஆனால் காத்திருக்க வசதி உள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஆட்டம் சாதகமாகச் சாய்கிறது என்பதும் அந்தக் கணக்கில் ஒளிந்திருக்கும் செய்தி.

காத்திருந்தவர்கள் எல்லாம் கரையேறுகிறார்களா? 2024இல் நீட் தேர்வுக்குப் பதிவு செய்தவர்கள் 24 லட்சம் பேர். நாட்டில் எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகம். அதில் அரசுக் கல்லூரி இடங்கள் ஏறக்குறைய பாதி. அந்த ஆண்டு வினாத்தாள் கசிவு, கருணை மதிப்பெண் என்று தேர்வே சந்தி சிரித்தது. அதைவிட மாணவர்களை அடித்தது மதிப்பெண் வீக்கம். முந்தைய ஆண்டு 650 வாங்கியிருந்தால் அரசுக் கல்லூரி நிச்சயம் என்று கணக்குப் போட்டுப் படித்தவர்கள், அதே 650ஐ வாங்கியும் தரவரிசையில் பல மடங்கு பின்னால் நின்றார்கள். 2025இல் வினாத்தாள் கடினம். முதலிடம் பிடித்தவரே 720க்கு 686. போன முறை 600, இந்த முறை 640 என்று மதிப்பெண்ணை வைத்து முன்னேற்றத்தை அளப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். அளக்க வேண்டியது தரவரிசையை.

எனவே காத்திருக்கலாமா என்பதற்கு முன், எதற்காக மதிப்பெண் சரிந்தது என்று கேட்பது நல்லது. தேர்வு வாரத்தில் டைபாய்டு, வீட்டில் ஒரு சாவு, விடைத்தாளில் கட்டம் மாற்றி நிரப்பியது போன்ற காரணம் என்றால் ஓராண்டு நிச்சயம் உதவும். பல சமயம் ஓராண்டுகூடத் தேவைப்படாது. பதினொன்றாம் வகுப்புப் பாடமே புரியாமல் போனதுதான் காரணம் என்றால், காத்திருக்கும் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களை அந்தப் பழைய பாடப் புத்தகத்துக்கே கொடுக்க வேண்டும். பெரும்பாலானோர் செய்வது வேறு. வாரம் ஒரு மாடல் தேர்வு எழுதி, வாரம் ஒரு முறை மனம் உடைகிறார்கள். மூன்றாவது காரணம் யாரும் வாய்விட்டுச் சொல்லாதது: பிள்ளைக்கு அந்தப் பாடமே பிடிக்கவில்லை. அப்பாவின் ஆசைக்காக எடுத்த உயிரியலை இரண்டாவது முறை படித்தால் இனித்துவிடப் போவதில்லை. இந்த மூன்றாவது வகை வீடுகளில்தான் 'இன்னும் ஒரு வருஷம்' என்ற பிடிவாதம் அதிகம் என்பது வேடிக்கை.

சிலருக்குக் காத்திருக்கவே அவசியமில்லை, ஆனால் அது அவர்களுக்குத் தெரிவதில்லை. பன்னிரண்டில் 70 சதவீதம் எடுத்து, தில்லிப் பல்கலைக்கழகம் இனி கனவுதான் என்று ஒதுங்குபவர் உண்டு. 2022க்குப் பிறகு அங்கே பெரும்பாலான இளநிலைப் படிப்புகளுக்கு இடம் கிடைப்பதும் கிடைக்காததும் கியூட் மதிப்பெண்ணில்தான். பள்ளி மதிப்பெண் இருவர் சமமாக நிற்கும்போது எட்டிப் பார்க்கும், அவ்வளவே. ஒரே பாடத்தில் சறுக்கிய சி.பி.எஸ்.இ. மாணவருக்கும் வழி உண்டு. 2023 முதல், தேர்ச்சி பெற்றவர்கள்கூடப் பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாடத்தை மட்டும் ஜூலை துணைத் தேர்வில் மீண்டும் எழுதி மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்ளலாம். எல்லாப் பாடங்களையும் திருத்த வேண்டும் என்றால்தான் அடுத்த ஆண்டுவரை பொறுத்திருக்க வேண்டும். சார்ட்டர்டு அக்கவுண்டன்சியின் முதல் படியான ஃபவுண்டேஷன் தேர்வு 2024 முதல் ஆண்டுக்கு மூன்று முறை நடக்கிறது. அங்கே ஒரு சறுக்கலின் விலை நான்கு மாதம்.

நேர்மாறான பொறியும் உண்டு. ஜே.இ.இ. மெயின் தேர்வில் நல்ல தரவரிசை வாங்கிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பை அலட்சியம் செய்தவர்கள். என்.ஐ.டி.க்கோ ஐ.ஐ.டி.க்கோ போக வேண்டுமானால் பன்னிரண்டில் 75 சதவீதம் வேண்டும். தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களுக்கு 65. அல்லது தம் வாரியத்தில் முதல் 20 சதவீதத்தினருக்குள் இருக்க வேண்டும். கொரோனா ஆண்டுகளில் தளர்த்தப்பட்ட இந்த விதி 2023இல் திரும்ப வந்தது. பெயருக்குப் பள்ளியில் சேர்ந்துவிட்டு நாள் முழுவதும் கோச்சிங் சென்டரில் கழிக்கும் 'டம்மி ஸ்கூல்' மாணவர்களில் பலருக்கு இது தெரியவருவது கவுன்சலிங் நேரத்தில்தான்.

சேர்ந்துகொண்டே எழுதிப் பார்ப்பது என்று ஒரு நடுவழி இருக்கிறது. நடுத்தர வர்க்கத்துக்கு இது மிகவும் பிடித்த வழி. பக்கத்து ஊர்க் கல்லூரியில் ஓர் இடம், கையில் பழைய பயிற்சிப் புத்தகம். ஜே.இ.இ. மெயின் இதற்கு வசதியாகவே இருக்கிறது. பன்னிரண்டு முடித்து மூன்று ஆண்டுகள் வரை, ஆண்டுக்கு ஜனவரி, ஏப்ரல் என இரண்டு முறை எழுதலாம். ஓர் ஆண்டின் இரண்டில் எது அதிகமோ அதுதான் கணக்கு. ஆனால் அட்வான்ஸ்டு தேர்வில் ஒரு முள் உண்டு. ஏதேனும் ஓர் ஐ.ஐ.டி.யில் இடத்தை ஏற்று ஒரு முறை சேர்ந்துவிட்டவர் பிறகு படிப்பைத் தொடர்ந்தாலும் விட்டாலும் மீண்டும் எழுத முடியாது. கிடைத்த பாடப்பிரிவு பிடிக்காதவர்கள் கடைசிச் சுற்றுக்கு முன்பே முறைப்படி விலக வேண்டும். 'முதலில் சேர்ந்துவிட்டு அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்ற யோசனை அங்கே செல்லாது.

மற்ற கல்லூரிகளில் பயம் வேறு: கட்டிய பணமும் கொடுத்த சான்றிதழ்களும் திரும்பி வருமா? இதைப் பற்றி பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அளித்த அறிவிப்பை ஒவ்வொரு பெற்றோரும் படித்து வைத்திருக்கலாம். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாட்களோ அதற்கு மேலோ முன்பாக விலகினால் முழுக் கட்டணம் திரும்பும். கையாளும் செலவாக 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடிக்கலாம். கடைசித் தேதிக்கு முன்பான 15 நாட்களுக்குள் என்றால் 90 சதவீதம், தேதி கடந்து 15 நாட்களுக்குள் என்றால் 80, 30 நாட்களுக்குள் என்றால் 50. அதற்கு மேல் பைசா இல்லை. விதி இப்படி இருந்தும் சான்றிதழுக்காக அலையவிடும் கல்லூரிகள் இல்லாமல் இல்லை. நகல் கையில் வைத்துக்கொண்டு, விலகல் கடிதத்தைத் தேதியுடன் எழுத்தில் கொடுத்தவர்களின் வழக்குதான் நிற்கும்.

முழு ஆண்டும் ஒதுக்கிப் படிப்பவர்களின் தலைநகரம் ராஜஸ்தானின் கோட்டா. ஜே.கே. சிந்தெடிக்ஸ் ஆலையில் பொறியாளராக இருந்த வி.கே. பன்சல், தசைச் சிதைவு நோயால் நடமாட்டம் குறைந்த நிலையில், 1980களில் வீட்டு மேசையைச் சுற்றி மாணவர்களை உட்காரவைத்துக் கற்பிக்கத் தொடங்கியதில் பிறந்தது இந்த நகரத்தின் புதிய தொழில். 1990களின் பிற்பகுதியில் ஆலை மூடப்பட்டது. பயிற்சி வகுப்புகள் ஊரைத் தாங்கின. பன்சல் 2021இல் காலமானார். 2023இல் ஏறக்குறைய 2 லட்சம் மாணவர்கள் இருந்த அதே ஊரில், அந்த ஓராண்டிலேயே 20க்கும் மேற்பட்ட பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் பயிற்சி மையங்களுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 16 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக் கூடாது, நடுவில் விலகினால் மீதி நாட்களுக்கான கட்டணத்தைத் திருப்ப வேண்டும் என்றது. அதன் பிறகு கோட்டாவுக்கு வருவோர் எண்ணிக்கை குறைந்தது.

காத்திருக்கும் ஆண்டின் கஷ்டம் பாடத்தில் இல்லை. நண்பர்கள் எல்லாம் கல்லூரி அடையாள அட்டையோடு படம் அனுப்பும்போது, பள்ளியும் இல்லாமல் கல்லூரியும் இல்லாமல் இருப்பதுதான். கல்யாண வீட்டில் "என்ன படிக்கிறாய்" என்று கேட்டால் சொல்ல ஒரு பெயர் கிடையாது. அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே விசேஷங்களுக்குப் போகாத பிள்ளைகள் உண்டு. தூக்கம் கெடுவது, சாப்பாடு இறங்காதது, அறையை விட்டு வராதது என்று தொடங்கினால், அடுத்த மாடல் தேர்வு வரை பார்க்கலாம் என்று வீட்டார் இருக்கக் கூடாது. டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம்.

இந்த ஆண்டு எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைப்பதும் இல்லை. பயிற்சிக் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., விடுதி, சாப்பாடு என்று கூட்டிப் பார்த்த பிறகு பல வீடுகளில் மகனுக்கு 'இன்னொரு முறை முயற்சி செய்' என்றும், மகளுக்கு 'கிடைத்ததில் சேர்' என்றும் முடிவாகிறது. அண்ணன் இரண்டாவது முறை சறுக்கியதால் தங்கை முதல் முறையே உள்ளூர்க் கல்லூரியில் சேர்ந்த வீடுகளைத் தேட வெகு தூரம் போக வேண்டியதில்லை.

வெளிநாட்டுக்கு விண்ணப்பிப்பவர்களின் கணக்கு தலைகீழ். அமெரிக்கக் கல்லூரிகள் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு ஆண்டு மதிப்பெண்களையும் கேட்கும். இந்தியாவில் யாரும் கேட்காத பதினொன்றாம் வகுப்பு அங்கே முதலில் கண்ணில் படும். அங்கே கேள்வி ஆண்டைப் பற்றியதாக இல்லாமல் மாதத்தைப் பற்றியதாக இருக்கலாம். முன்கூட்டிய விண்ணப்பத்துக்குப் பல கல்லூரிகளில் நவம்பர் 1 கடைசி. வழக்கமான விண்ணப்பத்துக்கு ஜனவரி முதல் வாரம். பதினொன்றில் சரிந்து பன்னிரண்டில் எழுந்தவர் நவம்பர் அவசரத்தைத் தவிர்த்தால், அரையாண்டு மதிப்பெண்ணையும் சேர்த்து அனுப்பி, சரிவு தற்காலிகமானது என்று காட்ட முடியும்.

ஜனவரி இந்தியாவிலும் முக்கியமான மாதமாகிக்கொண்டிருக்கிறது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இரு முறை மாணவர்களைச் சேர்க்கிறது. மற்ற பல்கலைக்கழகங்களும் விரும்பினால் இப்படி இரு முறை சேர்க்கலாம் என்று மானியக் குழு 2024 ஜூனில் அறிவித்தது. ஜூலையைத் தவறவிட்டவருக்கு இதனால் ஆறு மாதம் மிச்சமாகலாம். கல்லூரியில் சேர்ந்துகொண்டே மெயின் எழுதுபவருக்கோ, முதல் செமஸ்டர் தேர்வும் ஜே.இ.இ. முதல் சுற்றும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வருகின்றன. இரண்டின் முடிவும் பிப்ரவரி வாக்கில் கையில் இருக்கும். ஏப்ரல் சுற்றுக்கான விண்ணப்பமும் வழக்கமாக அந்தச் சமயத்தில்தான் தொடங்குகிறது. நேரே கட்டணம் கட்டுவதற்கு முன் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு சில வாரங்கள் கிடைக்கும். மாமாவைக் கேட்பதென்றால் அப்போது கேட்கலாம்.